முகத்தைப் பார்த்தே டவுன் சிண்ட்ரோம் என்று சொன்ன பிறகும் கேரியோடைப் எதற்கு?

கேள்வி: “எனக்கு 24 வயது. தாய்மாமனைத் திருமணம் செய்துகொண்டேன். முதல் குழந்தை, ஆண், பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. குழந்தைநல மருத்துவர் முகத்தைப் பார்த்ததுமே டவுன் சிண்ட்ரோம் என்றார். கேரியோடைப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். நோய் என்னவென்று தெரிந்த பிறகு இந்தச் செலவு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி ஆனது என்று என்னைக் குறை சொல்கிறார்கள். அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா?”

பதில்: முதலில் அந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறேன். தாய்மாமனைக் கட்டியதால் உங்கள் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வரவில்லை. சொந்தத் திருமணத்தில் வேறொரு ஆபத்து உண்டு, அதை மறைக்க மாட்டேன். கணவன் மனைவி இருவரும் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே பழுதுள்ள மரபணுவைப் பெற்றிருந்தால், இரண்டும் குழந்தையிடம் ஒன்றுசேர்ந்து நோயாக வெளிப்படலாம். தலசீமியா, பிறவிக் காது கேளாமையில் சில வகைகள், உடலில் வேதிமாற்றம் கெடும் சில நோய்கள் எல்லாம் அந்த வழியில் வருபவை. டவுன் சிண்ட்ரோமில் எந்த மரபணுவும் பழுதாகவில்லை. மரபணுக்களைச் சுமக்கும் கோல்கள்தான் குரோமோசோம்கள். நல்ல நிலையில் உள்ள 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த மூன்றாவது வந்து சேர்ந்ததற்கும் நீங்களும் உங்கள் கணவரும் உறவினர்கள் என்பதற்கும் தொடர்பில்லை. சொந்தமே இல்லாத, கண்டம் விட்டுக் கண்டம் மணந்த தம்பதியருக்கும் இதே கணக்கில்தான் இப்படிக் குழந்தைகள் பிறக்கின்றன.

கேரியோடைப், அதாவது குரோமோசோம்களை எண்ணி அடுக்கிப் பார்க்கும் பரிசோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். மருத்துவரின் கண் பெரும்பாலும் தப்பாது. மேல்நோக்கிச் சாய்ந்த கண்கள், தட்டையான மூக்குத்தண்டு, உள்ளங்கையில் குறுக்கே ஓடும் ஒற்றை ரேகை, தூக்கினால் துவண்டு விழும் தசைகள் இவற்றைப் பார்த்தே அவர் சொல்லியிருப்பார். ஆனால் கூடுதலான அந்த 21 குழந்தையிடம் எந்த வடிவில் இருக்கிறது என்பதை முகம் சொல்லாது. அடுத்த குழந்தை பற்றி நீங்கள் கேட்டதற்கான விடை அந்த வடிவத்தில்தான் இருக்கிறது.

மூன்று வடிவங்கள் உண்டு. 100 டவுன் குழந்தைகளை எடுத்துக்கொண்டால் சுமார் 95 பேரிடம் மூன்றாவது 21 தனியாக நிற்கும். இதற்கு டிரைசோமி 21 என்று பெயர். மூன்று நான்கு பேரிடம் அது இன்னொரு குரோமோசோமோடு, பெரும்பாலும் 14ஆவதோடு, ஒட்டிக்கொண்டிருக்கும். இது இடமாற்ற வகை. மீதி ஒன்றிரண்டு பேரின் உடலில் சில செல்களில் 47 குரோமோசோம்கள், சில செல்களில் இயல்பான 46 என்று இரண்டும் கலந்திருக்கும், மொசைக் என்பார்கள். மூன்று குழந்தைகளையும் அருகருகே படுக்க வைத்தால் முதல் இரண்டையும் என்னால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுடைய பெற்றோருக்கு நாங்கள் சொல்ல வேண்டியது தலைகீழாக மாறிவிடும்.

தனித்து நிற்கும் வகை எப்படி உண்டாகிறது என்பதை உங்கள் வீட்டாருக்குச் சொல்லிக் காட்டுங்கள். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பைத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகின்றன. வயதுக்கு வந்த பிறகு, அந்தந்த மாதத்தில் வெளிவரும் முட்டைதான் விட்ட இடத்திலிருந்து அந்த வேலையைத் தொடர்கிறது. அத்தனை வருடமும் ஜோடிக் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கோஹெசின் என்ற புரதக் கட்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தளர்கிறது. தளர்ந்தால் ஜோடி சரியாகப் பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போய்விடும். ஆணின் விந்தணுக்கள் பருவமடைந்த பிறகு புதிது புதிதாக உண்டாவதால் இவ்வளவு நீண்ட காத்திருப்பு அங்கே இல்லை. கூடுதல் 21 பத்தில் ஒன்பது முறை முட்டையிலிருந்து வருவதும், தாயின் வயதோடு ஆபத்து ஏறுவதும் இதனால்தான். 25 வயதில் சுமார் 1,250 பிரசவங்களுக்கு ஒன்று. 35இல் சுமார் 350க்கு ஒன்று. 40இல் 100க்கு ஒன்று. 45இல் 30க்கு ஒன்று.

முட்டையிலிருந்து வந்தது என்றதும் அப்படியானால் தாய்தானே காரணம் என்று பேசுவார்கள். அந்தப் பேச்சை அனுமதிக்காதீர்கள். நீங்கள் சாப்பிட்டது, தூக்கியது, கிரகணத்தன்று வெளியே போனது, மன வருத்தப்பட்டது எதுவும் அந்தப் பிரிவைத் தொடவில்லை. 24 வயதில் இது எப்படி வந்தது என்றும் கேட்பார்கள். இளம் வயதில் ஆபத்து குறைவு என்றாலும், குழந்தை பெறுபவர்களில் இளம் வயதினரே அதிகம். ஆகவே டவுன் குழந்தைகளில் பெரும்பாலோரின் தாய்மார்கள் 35ஐத் தாண்டாதவர்கள்தான்.

இடமாற்ற வகையின் கதை வேறு. 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து குரோமோசோம்களின் குட்டைக் கரத்தில் இழந்தால் பாதிப்பு வரும் அளவுக்கு எதுவும் இல்லை. இவற்றில் இரண்டு தங்கள் குட்டைக் கரங்களை உதிர்த்துவிட்டு நெட்டைக் கரங்களால் ஒன்றாகிவிடலாம். வெட்டுக்கிளிகளில் 1916இல் இதை விவரித்த ராபர்ட்சன் பெயரால் ராபர்ட்சோனியன் இடமாற்றம் என்கிறோம். ஆயிரம் பேரில் ஒருவர் இப்படி ஏதோ ஒரு இணைப்போடு நடமாடுகிறார். எண்ணிப் பார்த்தால் அவரிடம் 45 குரோமோசோம்கள்தான் இருக்கும். தேவையான மரபுப் பொருள் எதுவும் கூடவுமில்லை, குறையவுமில்லை. எனவே எந்த நோயும் இல்லை. அவர் பிள்ளை பெறும்போதுதான் சிக்கல். 14உம் 21உம் ஒட்டிய குரோமோசோமோடு இன்னொரு தனி 21உம் ஒரே முட்டைக்குள் போனால், பிறக்கும் குழந்தைக்கு 21இன் பங்கு மூன்று. இணைப்பைச் சுமப்பவர் தாயானால் அவருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் டவுன் குழந்தை பிறக்க 10 முதல் 15 சதவீத வாய்ப்பு உண்டு. இணைப்பைச் சுமப்பவர் தந்தையானால் அது ஓரிரு சதவீதத்தைத் தாண்டுவதில்லை. இங்கே வயது ஒரு பொருட்டே அல்ல. 20 வயதுத் தாய்க்கும் அதே கணக்கு. இரண்டு 21களும் ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் உள்ள பெற்றோர் மிக அரிது. அவருக்கு உயிரோடு பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் டவுன் சிண்ட்ரோம்தான் இருக்கும்.

இதைப் படித்து உடனே கலங்க வேண்டாம். இடமாற்ற வகைக் குழந்தைகளிலும் பலருக்கு அந்த இணைப்பு புதிதாகவே உண்டானது. பெற்றோர் இருவரின் குரோமோசோம்களும் சரியாக இருக்கும். எது என்று அறியத்தான் பரிசோதனை.

அந்தப் பரிசோதனையில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், மூன்று வாரம் ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்பது புரியும். சர்க்கரைப் பரிசோதனை போல ரத்தத்தை இயந்திரத்தில் வைத்து எண் பார்க்க முடியாது. குரோமோசோம்கள் தனித்தனிக் கோல்களாகத் தெரிவது செல் பிரியும் சில நிமிடங்களில் மட்டுமே. எனவே ரத்தத்தை முதலில் வளர்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் என்ற மருந்து தடவிய, பச்சை மூடியுள்ள குழாயில் வரும் இரண்டு மூன்று மில்லி ரத்தத்தை ஊட்டத் திரவத்தில் விட்டு 37 டிகிரியில் மூன்று நாள் வைக்கிறோம். ரத்தத்தின் வெள்ளணுக்கள் தாமாகப் பிரியாது. அவற்றைத் தட்டி எழுப்புவது ராஜ்மா இனப் பயற்றிலிருந்து எடுக்கும் ஒரு புரதம். பிரியத் தொடங்கிய செல்களை நட்டநடுவில் நிறுத்திப் பிடிப்பது கால்சிசின் குடும்பத்து மருந்து. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் அதே கால்சிசின்தான். தாராபுரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்வது இந்தக் கால்சிசினுக்காகத்தான்.

அடுத்து, மிக நீர்த்த உப்புக் கரைசலை ஊற்றுகிறோம். செல்கள் நீரை உறிஞ்சி வீங்கும். மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்த திரவத்தில் அவற்றை நிலைப்படுத்தி, ஈரமான கண்ணாடித் தகட்டில் ஒவ்வொரு துளியாக விட்டால் செல் தட்டையாக விரியும். உள்ளே இருப்பவை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரவும். பிறகு டிரிப்சின் என்ற நொதியில் ஒரு முக்கு, ஜீம்சா சாயம். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு கோலிலும் குறுக்காகக் கருப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் பட்டை வரிசை வேறு. பழகிய கண்ணுக்கு ஆள் முகம்போல அடையாளம் தெரிந்துவிடும். குறைந்தது 20 செல்களையாவது எண்ணுவோம். மொசைக் என்று சந்தேகம் வந்தால் இன்னும் அதிகம். சில செல்களைப் படமெடுத்து ஜோடி ஜோடியாக அடுக்கினால் கிடைக்கும் படம்தான் கேரியோடைப்.

அந்த நீர்த்த கரைசல் வருவதற்கு முன்பு மனிதனுக்கு எத்தனை குரோமோசோம் என்பதே தவறாகத்தான் தெரிந்திருந்தது. 1923இல் அமெரிக்க உயிரியலாளர் பெயின்டர் 48 என்றார். முப்பது ஆண்டுக்கு மேல் பாடநூல்களில் 48 என்றே இருந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டி. சி. ஷூவின் ஆய்வகத்தில் கரைசலின் செறிவு தவறிப்போனதில் குரோமோசோம்கள் அழகாக விரிந்து கிடந்தன. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ அந்த உத்தியைப் பயன்படுத்தி 1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் 46 என்று எண்ணினார்; அவரும் ஆல்பர்ட் லெவானும் மறு ஆண்டு வெளியிட்டார்கள். அதன்பின் மூன்றே ஆண்டில், 1959இல், டவுன் குழந்தைகளிடம் 47 இருப்பதை பாரிஸில் லெஜூன், கோத்தியே, துர்ப்பின் ஆகிய மூவரும் அறிவித்தார்கள். செல் வளர்க்கும் முறையை அந்த ஆய்வகத்தில் நிறுவியவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். அரை நூற்றாண்டு கழித்தே அவர் பங்கு பரவலாகப் பேசப்பட்டது. அது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

இப்போது உங்கள் கைக்கு வரப்போகும் அறிக்கைக்கு வருவோம். படத்தைவிட முக்கியம் அதன் கீழே உள்ள ஒரு வரி. அந்த வரி 47,எக்ஸ்ஒய்,+21 என்று இருந்தால் தனித்து நிற்கும் வகை. மொத்தம் 47, ஆண் குழந்தை, கூடுதலாக ஒரு 21 என்று படிக்க வேண்டும். இந்த முடிவு வந்தால் உங்கள் இருவருக்கும் பரிசோதனை தேவையில்லை. “எதற்கும் நீங்களும் எடுத்துவிடுங்கள்” என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். உங்கள் வயதில் அடுத்த குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வரும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம். நூற்றில் 99 முறை வராது.

அந்த வரி 46,எக்ஸ்ஒய்,டெர்(14;21)(கியூ10;கியூ10),+21 என்று இருந்தால் இடமாற்ற வகை. டெர்(14;21) என்பது ஒட்டிக்கொண்ட 14உம் 21உம். இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 46 என்று தொடங்குவதைப் பார்த்து, “எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கிறது, மருத்துவர்தான் தவறாகச் சொல்லிவிட்டார்” என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஒட்டிக்கொண்ட இரண்டும் ஒன்றாக எண்ணப்படுவதால்தான் 46 வருகிறது. இப்படி வந்தால் நீங்களும் கணவரும் இருவருமே கட்டாயம் ரத்தம் கொடுக்க வேண்டும். உங்களில் ஒருவருக்கு 45 என்று முடிவு வந்தால் அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் அடுத்தடுத்துக் கருக்கலைந்த அக்காவோ, சித்தியோ அந்தக் குடும்பத்தில் இருக்கக்கூடும். தாய்மாமனை மணந்திருக்கும் உங்கள் வீட்டில், இணைப்பு உங்கள் தாய்வழியில் வந்ததாக இருந்தால் இருவருமே அதைச் சுமக்க வாய்ப்புண்டு. சொந்தத் திருமணம் இந்தக் கணக்கில் நுழையும் ஒரே வாசல் அது. மிக மிக அரிதானது. மற்றபடி நான் முதலில் சொன்னதுதான்.

சாய்வுக்கோட்டுக்கு இருபுறமும் 47 ஒன்றும் 46 ஒன்றும் இருந்தால் மொசைக். அடைப்புக்குறிக்குள் இருப்பவை எண்ணப்பட்ட செல்கள். ரத்தத்தில் உள்ள விகிதமே மூளையிலும் இதயத்திலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த எண்ணை வைத்துப் பிள்ளையின் வருங்காலத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் கருவின் பின்கழுத்தில் தேங்கும் நீரை அளக்கும் என்டி ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். தாயின் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடி டிஎன்ஏவைப் பார்க்கும் புதிய பரிசோதனையும் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. இவை எல்லாம் சல்லடைதான். ஆபத்து அதிகமா குறைவா என்று மட்டும் சொல்லும். உறுதி செய்ய நஞ்சுக்கொடித் திசுவையோ, 16 வாரம் அளவில் பனிக்குட நீரையோ எடுத்துத்தான் ஆக வேண்டும். சல்லடைப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்த தாளை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். கருவின் கேரியோடைப் அறிக்கையில் பாலினம் மறைக்கப்பட்டிருக்கும். 1994ஆம் ஆண்டின் சட்டப்படி அதைச் சொல்வது குற்றம், கேட்பதும் வேண்டாம். அந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்வதும், முடிவு தெரிந்தபின் என்ன செய்வது என்பதும் நீங்களும் கணவரும் தீர்மானிக்க வேண்டியவை. உறவினர்களுக்கு அதில் வாக்கு இல்லை.

கேரியோடைப் என்றால் டவுன் சிண்ட்ரோம் மட்டும்தான் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். 13ஆவது கூடினால் பட்டாவ் சிண்ட்ரோம், 18ஆவது கூடினால் எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம். இரண்டும் கடுமையானவை, பெரும்பாலான குழந்தைகள் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. மற்ற எண்கள் முழுமையாகக் கூடினால் குழந்தை உயிரோடு பிறப்பதே இல்லை எனலாம். 13, 18, 21 மூன்றிலும் மரபணுக்களின் எண்ணிக்கை குறைவு. அதனால்தான் அந்தக் கருக்களாவது பிறப்பு வரை தாங்குகின்றன. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். அவற்றில் அடிக்கடி காணப்படும் டிரைசோமி 16ஐ எந்த மருந்தாலும், எவ்வளவு ஓய்வாலும் காப்பாற்ற முடியாது. மாடிப்படி ஏறியதால் கலைந்தது என்று இன்னும் தன்னையே நொந்துகொள்ளும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எக்ஸ், ஒய் குரோமோசோம்களில் வரும் மாற்றங்கள் பெரும்பாலும் மென்மையானவை. எக்ஸ்எக்ஸ்ஒய் என்ற கிளைன்ஃபெல்டர் நிலை உள்ள ஆண்கள் பலருக்குக் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வரும் வரை தெரிவதே இல்லை. எனக்கு அதிகம் வலிப்பது டர்னர் சிண்ட்ரோம். சுமார் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு ஒரே ஒரு எக்ஸ். இரண்டாவது இல்லை, அல்லது முழுமையாக இல்லை. அறிவுத்திறன் பொதுவாக இயல்பாகவே இருக்கும். உயரம் மட்டும் வகுப்பில் எல்லோரையும்விடக் குறைவு. வீட்டில் “அம்மா வழிக் குட்டை” என்று விட்டுவிடுவார்கள். 15, 16 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றுதான் மருத்துவரிடம் வருவார்கள். அதற்குள் வளர்ச்சி ஹார்மோன் கொடுக்க வேண்டிய வருடங்கள் போய்விடும். சிலருக்கு இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி குறுகியிருக்கும்; அதுவும் பார்க்கப்படாமல் போயிருக்கும். காரணம் தெரியாமல் குள்ளமாக இருக்கும் ஒவ்வொரு பெண் குழந்தைக்கும் எட்டு, ஒன்பது வயதுக்குள் ஒரு கேரியோடைப் எடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இந்தப் பரிசோதனைக்கு எட்டாதவையும் உண்டு. சுமார் 50 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளுக்குக் குறைவான இழப்பு நுண்ணோக்கியில் தெரியாது. 22ஆம் குரோமோசோமில் சிறு துண்டு இல்லாமல் போகும் டிஜார்ஜ் சிண்ட்ரோமுக்கு ஃபிஷ் அல்லது மைக்ரோஅரே என்ற இன்னும் நுணுக்கமான பரிசோதனை வேண்டும். தலசீமியா, ஹீமோஃபீலியா போன்ற ஒற்றை மரபணு நோய்கள் இதில் தெரியவே தெரியாது. ஆகவே ‘நார்மல் கேரியோடைப்’ என்பதை மரபு நோய் எதுவுமே இல்லை என்ற சான்றிதழாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரத்தம் கொடுக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். குழாய் பச்சை மூடியா என்று பாருங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைக்கான ஊதா மூடிக் குழாயில் வந்தால் செல்கள் சரியாக வளராது. ஐஸ் பெட்டியில் உறையவைத்தும் அனுப்பக் கூடாது. செத்த செல் பிரியாது. குழந்தைக்கு அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அறிக்கை வந்ததும் இரண்டு நகல் எடுத்து ஒன்றைப் பத்திரமாக வையுங்கள்; உங்கள் அடுத்த கர்ப்பத்திலும், உங்கள் தங்கையின் கர்ப்பத்திலும்கூட அந்த ஒரு வரியைக் கேட்பார்கள்.

அறிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாதது ஒன்றும் உண்டு: எக்கோ எனப்படும் இதய ஸ்கேன். டவுன் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கும். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது சத்தம் எதுவும் கேட்கவில்லை என்பது போதாது. இதயத்தின் நடுச்சுவரில் பெரிய துளை இருந்தால் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வது நல்லது. தாமதித்தால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, அறுவை சிகிச்சையே முடியாமல் போகலாம். தைராய்டு பரிசோதனை இப்போதும், ஆறாம் மாதத்திலும், ஒரு வயதிலும், அதன்பின் ஆண்டுதோறும் வேண்டும். காதும் கண்ணும் சோதிக்க வேண்டும். அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25. இன்று 60ஐ ஒட்டி இருக்கிறது. குரோமோசோமை யாரும் மாற்றவில்லை. இதயத்தையும் தைராய்டையும் தொற்றுகளையும் நேரத்தில் கவனித்ததுதான் அந்த மாற்றம். தசைப்பயிற்சிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் உங்கள் மாவட்டத்து டிஇஐசி எனப்படும் இளஞ்சிறார் இடையீட்டு மையத்தில் பதிவு செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டால் இடம் சொல்வார்கள். அங்கே கட்டணம் கிடையாது. குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதய எக்கோ இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுங்கள்.